கோலத்தின் எடை எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், ஒரு படத்தை நாலைந்து எண்களாகச் சுருக்கித் தரும் 'மொமென்ட்' கணக்கைப் பற்றி ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கமிருந்து இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவே இல்லை. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: வாலாஜாபேட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மொமென்ட் என்றால் எங்களுக்கு இயற்பியலில் வரும் திருப்புத்திறன், இல்லாவிட்டால் புள்ளியியலில் வரும் விலக்கப் பெருக்குத்தொகை. போட்டோவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அதேதான் சார், வேறு ஒன்றும் இல்லை. ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை ஒரு தகடாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிக்சலிலும், அதாவது படத்தின் ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும், அதன் வெளிச்சத்துக்குத் தக்கபடி 0 முதல் 255 வரை ஓர் எடை வைத்திருக்கிறது. எல்லா எடையையும் கூட்டினால் அது பூஜ்ஜிய வரிசை மொமென்ட். ஒவ்வொரு எடையையும் அது ஓரத்திலிருந்து எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறதோ அந்த எண்ணால் பெருக்கிக் கூட்டினால் முதல் வரிசை. அதை மொத்த எடையால் வகுத்தால் நிறை மையம் கிடைக்கும், அதாவது தகட்டை விரல் நுனியில் நிறுத்த வேண்டிய இடம். மையத்திலிருந்து இருக்கும் தூரத்தை வர்க்கமாக்கிப் பெருக்கினால் இரண்டாம் வரிசை: உருவம் எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது, எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று அது சொல்லும். மூன்றாம் வரிசை, எந்தப் பக்கம் கோணலாகக் கனக்கிறது என்று சொல்லும். நீங்கள் பாடம் நடத்திய சராசரி, பரவற்படி, கோட்டம் மூன்றும்தான், ஒரு கோட்டில் இருந்தது தளத்துக்கு வந்திருக்கிறது.

புள்ளியியலுக்கு இந்தச் சொல்லை இயந்திரவியலிலிருந்து எடுத்து வந்தவர் கார்ல் பியர்சன். படங்களுக்கு இதைக் கொண்டுவந்து பிரபலமாக்கியவர் மிங்-குவெய் ஹூ, 1962இல். உருவம் இடம் மாறினாலும், பெரிதானாலும் சிறிதானாலும், திரும்பி நின்றாலும் மாறாத ஏழு எண்களை, மூன்றாம் வரிசைக்கு மேல் போகாமலே கட்டிக் காட்டினார். அறுபது வருஷம் தாண்டியும் அந்த ஏழு எண்களைத்தான் பிள்ளைகள் முதலில் எடுக்கிறார்கள்.

சூத்திரம் எல்லோருக்கும் ஒன்றுதான் சார். நான் பார்த்தவரை தப்பு வருவது சூத்திரத்தில் இல்லை, படம் கணக்குக்குள் நுழைகிற வாசலில். மற்ற கடிதங்களைப் படித்தால் உங்களுக்கே தெரியும்.

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் இடத்தில் கட்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். வெட்டிய தோல் துண்டை மேலேயிருந்து படம் எடுத்து, கருப்பு பிக்சல்களை எண்ணிப் பரப்பு கண்டுபிடிக்கிறோம். அதே துண்டைத் திருப்பி வைத்தால் பரப்பு மாறுகிறது. தோல் எப்படிச் சுருங்கும்?

தோல் சுருங்கவில்லை, ஓரம்தான் ஏமாற்றுகிறது. ஒரு துண்டு 500க்கு 400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம், ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டர். மொத்தம் 2,00,000 பிக்சல், கிட்டத்தட்ட 2.15 சதுர அடி. சுற்றளவு 1,800 பிக்சல். அந்த ஓரத்துப் பிக்சல்கள் பாதி தோல், பாதி வெள்ளை மேஜை; நீங்கள் 'இதற்குமேல் வெள்ளை, இதற்குக்கீழ் கருப்பு' என்று ஒரே கத்தியால் வெட்டும்போது, சுற்றிலும் அரை பிக்சல் உள்ளே வெளியே போனாலே 900 பிக்சல் மாறும். அது 0.45 சதவீதம். ஒரு துண்டுக்கு ஒன்றும் இல்லைதான், ஆனால் ஆயிரம் துண்டுக்கு ஒன்பதரை சதுர அடிக்கு மேல் வந்துவிடும். சதுர அடிக்குக் காசு கொடுத்துத் தோல் வாங்குகிற ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

செய்ய வேண்டியது: ஓரத்துப் பிக்சலை முழுசாக ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அது எவ்வளவு கருப்போ அவ்வளவு பங்கை எடையாகக் கொடுங்கள். முழுத் தோலுக்கு 1, வெற்று மேஜைக்கு 0, பாதிக்குப் பாதி. அப்படிக் கூட்டினால் துண்டை எப்படித் திருப்பினாலும் பூஜ்ஜிய வரிசை மொமென்ட் பெரிதாக ஆடாது. ஆனால் இது பலிக்க வேண்டுமென்றால் தோலில் பளபளப்பு விழக்கூடாது. கீழேயிருந்து வெளிச்சம் வருகிற கண்ணாடி மேஜை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்று, கேமரா உயரம். கேமரா ஒரு மீட்டர் மேலே இருந்து, நீங்கள் அளவு சரிபார்த்தது மெல்லிய காகிதத்தில், அளப்பது 2 மில்லிமீட்டர் கனமுள்ள தோல் என்றால், தோலின் மேல்பரப்பு கேமராவுக்கு 2 மில்லிமீட்டர் கிட்டே வந்துவிடுகிறது. நீளத்தில் 0.2 சதவீதம், பரப்பில் 0.4 சதவீதம் கூடத் தெரியும். பல வருஷத்துக்கு முன் இதே வேலைக்கு என்னைக் கூப்பிட்ட ஓர் இடத்தில் ரெண்டு நாள் முழுக்க நிரலில் தப்பு தேடினேன், கடைசியில் தப்பு இந்தக் கனத்தில் இருந்தது. சரிபார்க்கும் அட்டையை அளக்கப் போகும் தோல் துண்டின் மேலேயே வைத்துப் படம் எடுங்கள், அவ்வளவுதான்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்த கேள்வி, இடது கால் துண்டையும் வலது கால் துண்டையும் எண்ணால் பிரிக்க முடியுமா என்பது. முடியும். ஹூவின் ஏழு எண்களில் முதல் ஆறும் கண்ணாடியில் பார்த்தாலும் மாறாது. ஏழாவது மட்டும் அளவு மாறாமல் குறி மாறும், கூட்டல் கழித்தல் ஆகிவிடும். இடது அப்பரும் வலது அப்பரும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் என்பதால் அந்தக் குறியைப் பார்த்தாலே போதும். நடுவில் மடித்தால் சரியாகப் பொருந்துகிற துண்டுக்கு, உதாரணமாக நாக்குத் துண்டுக்கு, ஏழாவது எண் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும். அங்கே அதன் குறியை நம்ப வேண்டாம்.

கேள்வி: சார், நான் பாலிடெக்னிக் மாணவன், காட்பாடி. ஆயிரத்துக்கு ஆயிரம் படம். முதல் வரிசை மொமென்ட் கழித்தலில் வருகிறது, நிறை மையம் படத்துக்கு வெளியே போகிறது. எடை எல்லாம் கூட்டல் எண்தானே?

நிரம்பி வழிந்திருக்கிறது தம்பி. 32 பிட் முழு எண்ணில் அதிகபட்சம் 2,14,74,83,647, அதாவது 214 கோடிச் சொச்சம். உன் படம் முழுக்க வெள்ளையாக இருந்தால் முதல் வரிசை மொமென்ட் 12,700 கோடியைத் தாண்டும். 64 பிட்டுக்கு மாற்று. இன்னும் நல்லது, முதலில் மையத்தைக் கண்டுபிடித்து, தூரத்தை அங்கிருந்து அளந்து, மேல் வரிசைகளைத் தனியாகக் கூட்டு. ஓரத்திலிருந்து பெரிய பெரிய எண்ணாகக் கூட்டிவிட்டுப் பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் கடைசி இலக்கங்கள் எல்லாம் கரைந்து போகும்.

கேள்வி: குடியாத்தத்திலிருந்து ஒரு முதுகலை மாணவி. மார்கழியில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் போட்ட சிக்குக் கோலங்களைப் படம் எடுத்து, எந்தக் கோலம் எந்த வகை என்று ஹூ எண்களால் பிரிக்கப் பார்க்கிறேன். வேறு வேறு கோலம் ஒன்றாகத் தெரிகிறது. ஒரே கோலத்தை நாலு தடவை எடுத்தால் நாலு விதமாக வருகிறது. எல்லோரும் செய்கிற மாதிரி லாகரிதமும் எடுத்தேன். எங்கே தப்பு?

இந்தக் கடிதத்தை நான் மூன்று தடவை படித்தேன் அம்மா, அவ்வளவு நல்ல கேள்வி. உங்கள் கையில் தப்பு இல்லை. கோலத்தின் அழகே ஹூவின் எண்களுக்கு எதிராக நிற்கிறது.

நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கும் கோலம், கால் வட்டம் திருப்பினால் தன்மேலேயே வந்து உட்காருகிற கோலம். நாலு பக்கமும் ஒன்று. அப்படியானால் அகலவாக்கில் பரவியிருப்பதும் நீளவாக்கில் பரவியிருப்பதும் சமம், சாய்வு பூஜ்ஜியம். அரை வட்டம் திருப்பினாலும் அதே கோலம் என்பதால் மூன்றாம் வரிசை மொமென்ட் அத்தனையும் ஒன்றுக்கொன்று கழிந்து பூஜ்ஜியமாகிவிடும். ஹூவின் இரண்டாவது எண் முதல் ஏழாவது வரை எல்லாமே இந்த வித்தியாசங்களிலிருந்துதான் கட்டப்பட்டிருக்கின்றன. ஆக ஆறு எண்கள் பூஜ்ஜியம். மிஞ்சுவது முதல் எண் ஒன்றுதான், அது கோலம் மையத்தைச் சுற்றி எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். ஐந்து புள்ளிக் கோலமும் அதே விரிவுள்ள தாமரையும் அதற்கு ஒன்றுதான்.

சரி, பூஜ்ஜியம் என்றால் நாலு படத்திலும் பூஜ்ஜியம் வர வேண்டாமா? இங்கேதான் லாகரிதம் வினையாகிறது. உண்மையில் வருவது சுத்தமான பூஜ்ஜியம் இல்லை, தரையின் சொரசொரப்பும் கோலமாவு சிந்தியதும் பிக்சலின் ஓரமும் சேர்ந்து உண்டாக்கும் மிகமிகச் சிறிய எண். ஒரு படத்தில் புள்ளிக்குப் பின்னால் ஆறு பூஜ்ஜியம், இன்னொன்றில் பத்துப் பூஜ்ஜியம். ரெண்டுமே ஒன்றுமில்லாததுதான். ஆனால் லாகரிதம் எடுத்தவுடன் ஒன்று 7 ஆகவும் இன்னொன்று 11 ஆகவும் நிமிர்ந்து நிற்கும், ஏதோ பெரிய வித்தியாசம் மாதிரி. நீங்கள் வகை பிரித்தது கோலத்தை இல்லை, தூசியை. லாகரிதம் எடுக்குமுன் ஒரு வரம்பு வைத்து, அதற்குக் கீழே போனதை எல்லாம் ஒரே மதிப்பாக்கிவிடுங்கள்.

அப்புறம் இன்னொரு விஷயம், இது எனக்கே ரொம்பப் பிடித்தது. நாலு பக்கமும் ஒத்த கோலத்தில் இரண்டாவது எண் மட்டும் நன்றாகவே எழும்பி வந்தால், அது கோலத்தைப் பற்றிச் சொல்வதில்லை, உங்கள் போனைப் பற்றிச் சொல்கிறது. வாசலில் நின்று சாய்வாக எடுத்த படத்தில் வட்டம் முட்டை வடிவமாகிவிடும், அந்த நீட்சியைத்தான் அந்த எண் அளக்கிறது. மாடியிலிருந்து நேர்க் கீழாக எடுத்ததில் அது சுருங்கிப் போகும். உங்கள் நாலு படங்களையும் இந்த ஒரு எண்ணை வைத்து வரிசைப்படுத்திப் பாருங்கள், எது எங்கே நின்று எடுத்தது என்று உங்களுக்கே ஞாபகம் வரும். இப்படிச் சாய்வால் வரும் நீட்சியையும் தாங்குகிற எண்களை ஃப்ளூசர், சூக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் தந்தார்கள். ஆனால் கோலத்துக்கு அதைவிட எளிது நேராக எடுப்பது. நாலு மூலைப் புள்ளியும் தெரிந்தால் கணினியிலேயே நிமிர்த்தியும் விடலாம்.

கோலத்துக்கு உண்மையில் பொருந்துவது செர்னிகே மொமென்ட், படத்தை ஒரு வட்டத்துக்குள் வைத்து அளக்கும் இன்னொரு வகை. அதில் ஒவ்வொரு எண்ணுக்கும் 'ஒரு சுற்றில் எத்தனை முறை' என்று ஒரு கணக்கு உண்டு. நாலு பக்கக் கோலத்துக்கு 0, 4, 8 என்று போகும் எண்களில் மட்டும் உயிர் இருக்கும், மற்றவை அடங்கிவிடும். ஆறு இதழ்க் கோலத்துக்கு 0, 6, 12. எந்த எண்கள் அடங்குகின்றன என்று பார்த்தாலே கோலம் எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிடும், உயிருள்ளவற்றின் அளவை வைத்து அந்தக் குடும்பத்துக்குள் எந்தக் கோலம் என்று பிரிக்கலாம். நெளி எப்படி வளைந்து எங்கே கடக்கிறது என்பது மேல் வரிசைகளில்தான் வரும், அதனால் மூன்றோடு நிறுத்தாமல் பன்னிரண்டு வரைக்கும் போங்கள்.

கேள்வி: அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் போடுகிறோம். புவிசார் குறியீடு கிடைத்த பிறகு உருண்டைக் காயைத் தனியாகப் பிரித்துக் கேட்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் மகன் போனில் படம் எடுத்துப் பிரிக்கிறான். காயின் நடு என்று அவன் கணினி காட்டுவது காயின் நடுவில் இல்லை, சாக்குத் துணியில் போய் நிற்கிறது.

2023இல் அந்தக் குறியீடு வந்தபோது எங்கள் வீட்டிலும் சந்தோஷப்பட்டோம் அண்ணா. மகனிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஆயிரத்துக்கு ஆயிரம் பிக்சல் படம், அதில் காய் 10,000 பிக்சல், ஒவ்வொன்றும் 200 எடை: மொத்தம் 20 லட்சம். பின்னணி இருட்டுதான், வெறும் 5 எடை, ஆனால் அப்படி 9,90,000 பிக்சல் இருக்கின்றன: மொத்தம் 49.5 லட்சம். ஆக எடையில் நூற்றுக்கு எழுபத்தொன்று துணியுடையது. மையம் துணிக்குப் போகாமல் எங்கே போகும்? முதலில் பின்னணியின் எடையைக் கழித்துச் சுத்தமாகப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, பிறகுதான் கூட்ட வேண்டும். நிழலும் அப்படித்தான். காய் ஒரு பக்கம் நீண்டதாகத் தெரிந்தால் முதலில் நிழலைச் சந்தேகப்படுங்கள், வெயில் நேரடியாகப் படாத இடத்தில் எடுங்கள்.

உருண்டையா நீளமா என்பதற்கு இரண்டாம் வரிசை மொமென்டிலிருந்து நெட்டச்சு, குட்டையச்சு என்று ரெண்டு நீளம் கிடைக்கும், அவற்றின் விகிதம் ஒன்றை ஒட்டினால் உருண்டை. காம்பையும் அதிலிருக்கும் முள்ளையும் நிறத்தை வைத்துத் தனியே வெட்டிவிட்டுக் கணக்கிடச் சொல்லுங்கள். மையத்திலிருந்து தூரத்தில் இருப்பதற்கு வர்க்கம் போட்டு எடை கூடும் என்பதால், மெல்லிய காம்புகூட விகிதத்தை இழுத்துவிடும்.

கேள்வி: வாணியம்பாடியிலிருந்து எழுதுகிறேன். பிக்சலின் நடுப்புள்ளியை மட்டும் எடுத்துக் கூட்டுவது தப்பு, துல்லியமாகக் கூட்ட வேண்டும் என்று வகுப்பில் சொன்னார்கள். செர்னிகே மொமென்டுக்கு அது இன்னும் முக்கியமாம். ஏன்?

பிக்சல் என்பது புள்ளி இல்லை, சின்னக் கட்டம். அதைக் கையாலேயே பார்த்துவிடலாம். வரிசையாக மூன்று பிக்சல், நடுவில் உள்ளது மையம். புள்ளியாகக் கூட்டினால் இரண்டாம் வரிசை: 1 + 0 + 1, மொத்தம் 2. ஆனால் உண்மையில் அது மைனஸ் ஒன்றரையிலிருந்து ஒன்றரை வரை ஓடுகிற ஒரு பட்டை, தொகையிட்டுப் பார்த்தால் 2.25. ஒவ்வொரு பிக்சலும் தன் அகலத்துக்காகப் பன்னிரண்டில் ஒரு பங்கு சேர்க்கிறது, மூன்றுக்கும் சேர்த்து கால். நூற்றுக்குப் பதினொன்று தப்பு. அதே பட்டை 300 பிக்சல் என்றால் 22,49,975க்குப் பதில் 22,50,000, வித்தியாசம் 25, கண்டுகொள்ளவே வேண்டாம். ஆக உருவம் சின்னதாக இருந்தால்தான் இது கடிக்கும், விதை, பழைய அச்சின் எழுத்துப்புள்ளி, அந்த மாதிரி. சாய்வுக் கோணத்தில் இந்தத் தப்பு வராது என்பதையும் கவனியுங்கள்: பன்னிரண்டில் ஒரு பங்கு அகலத்துக்கும் நீளத்துக்கும் சமமாகச் சேர்வதால், கழிக்கும்போது போய்விடுகிறது.

செர்னிகே வேறு கதை. டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிகே 1934இல் இந்த மொமென்டுக்கு அடிப்படையான பல்லுறுப்புக் கோவைகளைக் கொண்டுவந்தது ஒளியைக் குவிக்கும் கண்ணாடிகளின் குறையை அளக்க. 1953இல் அவருக்கு நோபல் பரிசு வேறொன்றுக்கு, கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கிக்கு. படங்களுக்கு இதைக் கொண்டுவந்தவர் டீக் என்ற ஆய்வாளர், 1980இல். உங்கள் ஊரிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடியோடு வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. தொலைநோக்கியின் கண்ணாடி வட்டம். செர்னிகேயின் கணக்கும் வட்டத்துக்குள்தான் செல்லும். நம் படமோ சதுரம். வட்டத்தைச் சதுரத்துக்குள் வரைந்தால் மூலைகளில் 21.5 சதவீதம் வெட்டுப்படும். சதுரத்தை வட்டத்துக்குள் அடக்கினால் ஒன்றும் வெட்டுப்படாது, ஆனால் வட்டத்தில் கிட்டத்தட்ட 64 சதவீதத்தில்தான் படம் இருக்கும். எதைச் செய்தாலும் எல்லாப் படத்துக்கும் அதையே செய்யுங்கள். கலந்துவிட்டால் ஒப்பிடவே முடியாது.

முதல் வழியில் வட்டத்தின் விளிம்பு கட்டம் கட்டமாகப் பல் பல்லாக நிற்கும். அதோடு மேல் வரிசைக் கோவைகள் விளிம்பை நெருங்க நெருங்க வேகமாக மேலும் கீழும் ஆடும், ஒரே பிக்சலுக்குள்ளேயே நிறைய மாறிவிடும். அங்கே நடுப்புள்ளியின் மதிப்பு அந்தப் பிக்சலுக்குப் பிரதிநிதி ஆகாது. விளிம்புப் பிக்சலை மட்டுமாவது ஐந்துக்கு ஐந்தாகப் பிரித்துக் கூட்டினால் நல்ல பலன் தெரியும். திருப்புதலே தேவையில்லாத வேலை என்றால், உதாரணமாக எப்போதும் நேராகவே வைத்து எடுக்கிற அச்சுப் பக்கம் என்றால், முகுந்தன் குழுவினர் 2001இல் படங்களுக்குக் கொண்டுவந்த செபிஷெவ் மொமென்டை எடுங்கள். அது பிக்சல் கட்டத்தின் மேலேயே பிறந்த கோவை, தொகையீட்டை அண்ணளவாக்கும் தொல்லையே அதில் இல்லை.

கடைசியாக, உங்கள் நிரல் செர்னிகே கோவையை நேரடியாகத் தொடர்பெருக்கம் (1 × 2 × 3 என்று வரிசையாகப் பெருக்குவது) போட்டுக் கணக்கிடுகிறதா என்று பாருங்கள். 64 பிட் முழு எண்ணில் 20இன் தொடர்பெருக்கம் வரைதான் அடங்கும், 21 வழிந்துவிடும். அதற்கு முன்பே பெரிய கூட்டலும் பெரிய கழித்தலும் ஒன்றையொன்று தின்று இலக்கங்களைக் கெடுக்கும். முந்தைய வரிசையிலிருந்து அடுத்த வரிசையை எடுக்கும் மறுசார்பு வாய்பாட்டுக்கு மாறுங்கள். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: ஆரம் சரியாக 1 இருக்கும் இடத்தில் எந்த வரிசையின் ஆரக் கோவையாக (செர்னிகே கோவையில் மையத்திலிருந்து உள்ள தூரத்தை மட்டும் சார்ந்த பகுதி) இருந்தாலும் மதிப்பு 1 வர வேண்டும். வரிசையை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போய், எந்த இடத்தில் 1 தடுமாறுகிறதோ அதற்கு ரெண்டு வரிசை முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.